ஐயர் வராத ஞாயிறு

கால்டுவெல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். அதற்கடுத்து, மெரீனா கடற்கரையில் நிற்கும் சிலை. அவர் சொன்னது சரியா தவறா, அதன் பின்னால் உள்நோக்கம் உண்டா இல்லையா என்று நண்பர்கள் விடிய விடிய விவாதித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுத்த வேலை எது என்று யாரும் கேட்பதில்லை. இலக்கணம் அவருடைய ஓய்வுநேர வேலை. 1841-இல் திசையன்விளைக்குப் பக்கத்தில் உள்ள இடையன்குடிக்கு வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல், ஏறக்குறைய ஐம்பது வருடம் அந்தச் செம்மண் காட்டில் ஒரு கிராமத் திருச்சபையின் குருவானவராக இருந்தார். 1847-இல் தொடங்கிய கோயில் கட்டுமானம் 1880-இல்தான் முடிந்தது. முப்பத்து மூன்று வருடம்! இங்கே ஒரு புராஜெக்ட் மூன்று மாதம் தள்ளிப்போனாலே மேலாளர் முகம் சிவக்கிறது.

அந்த மாதிரிக் கிராமக் கோயில்களில் வாராவாரம் என்னதான் நடக்கிறது என்று நியூ ஜெர்சியில் என்னோடு காரில் வேலைக்கு வரும் நண்பர் ஒருவர் கேட்டார். திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் சாயர்புரத்தில் இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். "அங்கே போப் ஐயர் தினமும் என்ன செய்வார்? கூட்டம் போட்டுப் பிரசங்கம் பண்ணுவாரா?" என்பது அவர் கேள்வி. காரில் சொன்ன பதில் போதவில்லை என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆங்கிலிக்கன் என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் வழி. போப்பாண்டவர் கிடையாது, ஆனால் பிஷப் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளைப் போல அவரவர் மனதில் வந்தபடி ஜெபிப்பது கிடையாது, அச்சடித்த ஜெபப்புத்தகம் உண்டு. இந்த இரண்டும்தான், பிஷப்பும் புத்தகமும், மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலிக்கன் மிஷன்கள் ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இடையன்குடி, நாசரேத், முதலூர், சாயர்புரம் முன்னதன் பக்கம். மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம் பின்னதன் பக்கம். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், மற்றும் ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நாம் சி.எஸ்.ஐ. என்பது அதுதான். பெயர் மாறியதே தவிர நெல்லைக் கிராமங்களில் ஆராதனையின் எலும்புக்கூடு பழைய ஜெபப்புத்தகத்தினுடையதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் குருவானவரை 'ஐயர்' என்பார்கள், அவர் மனைவி 'ஐயரம்மா'. கும்பகோணத்துக்காரரான என் கார் நண்பருக்கு இது முதலில் பெரிய குழப்பத்தைத் தந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவின் அப்பா சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிறிய ஊரில் உபதேசியார். பள்ளி விடுமுறைகளில் எல்லாம் அங்கேதான் இருந்தேன். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாதவர். கோயிலை ஒட்டி ஒரு வீடு, சொற்பச் சம்பளம், காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும் பொறுப்பு. ஐந்தாறு ஊர்கள் சேர்ந்தால் ஒரு சேகரம். சேகரத்துக்கு ஒரு ஐயர். அவர் எங்கள் ஊருக்கு வருவது மாதத்தில் ஒரு ஞாயிறு. அன்று திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும். முந்தின நாள் மாலையே ஆயத்த ஆராதனை நடக்கும். சண்டை போட்டவர்கள் அன்றைக்குள் சமாதானமாகிவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. (ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை.)

மீதி மூன்று ஞாயிறும் ஐயர் கிடையாது. ஆனால் ஆராதனை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு முன் முதல் மணி, அரைமணிக்கு முன் இரண்டாம் மணி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், தரையில் பாய். செருப்பு வெளியே. பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். தாத்தா வெள்ளை அங்கியில்லாமல் வெறும் வேட்டி சட்டையில் நின்று புத்தகத்தைத் திறப்பார். முழங்கால்படியிட்டு எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை. பிறகு சங்கீதம்: ஒரு வசனம் அவர், அடுத்த வசனம் சபை. பழைய ஏற்பாட்டில் ஒரு பாடம், அதற்கு ஒரு துதிப்பாட்டு. புதிய ஏற்பாட்டில் ஒரு பாடம், அதற்கு ஒன்று. பின் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம். அன்றைய நாளுக்கான சுருக்க ஜெபம், நாட்டுக்காக, மழைக்காக, நோயாளிகளுக்காக. நடுவே பாமாலை ஒன்று, கீர்த்தனை ஒன்று. பிரசங்கம் கடைசியில், தாத்தா அதையும் பல தடவை அச்சிட்ட பிரசங்கப் புத்தகத்திலிருந்தே வாசித்துவிடுவார். என் கார் நண்பர் நினைத்த மாதிரி பிரசங்கம் அங்கே மையமான விஷயமே இல்லை. சபையார் பாதிப் பேர் அப்போது தூங்குவார்கள். ஆனால் பதில் சொல்லவேண்டிய இடம் வந்தால் ஒருவரும் தவறவிடமாட்டார்கள்.

என்னை யோசிக்க வைத்தது அதுதான். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். புத்தகம் அவர்கள் கையில் இருக்காது, இருந்தாலும் பயனில்லை. ஆனால் முழு ஆராதனையும் அவர்களுக்கு வரும். பழைய ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாளுக்கு, காலைக்கு மாலைக்கு என்று பங்கிட்டு வைத்திருக்கிறது. தினசரி ஜெபத்துக்கு வருகிறவர் ஒரு வருடத்தில் பன்னிரண்டு முறை அதை முழுக்கக் கேட்டுவிடுகிறார். மிஷன் காலத்தில் உபதேசியார் சொல்லச் சொல்ல, படிக்கத் தெரியாத பெரியவர்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வது வாடிக்கை. நம் ஓதுவார்களும் வேதபாடசாலைக்காரர்களும் செய்கிற காரியம்தான். ஆனால் இங்கே மனப்பாடம் செய்தவர்கள் பயிற்சி பெற்ற சிலர் அல்ல, பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும்.

இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது? திட்டம் போட்டு வந்ததாகத் தெரியவில்லை. குருப்பட்டம் கொடுக்க பிஷப்பால் மட்டுமே முடியும். 1814-இலிருந்து இந்தியா முழுமைக்கும் இருந்த ஒரே ஆங்கிலிக்கன் பிஷப் கல்கத்தாவில் இருந்தார். சென்னைக்கு ஒருவர் வந்தது 1835-இல். திருநெல்வேலிக்கென்று தனி அத்தியட்சாதீனம் அமைந்தது 1896-இல். (இன்றைய சொல் பேராயர், திருமண்டலம்.) இதற்கு நடுவே ஊர் ஊராக மக்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். முதல் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூர் 1799-இலேயே உண்டாகிவிட்டது. அதை அமைத்தவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உள்ளூர்க்காரர், வெள்ளைக்காரர் அல்ல.

பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தார். 1820-இல் அங்கே வந்த ஜெர்மானியர், லுத்தரன் மரபில் வந்தவர். ஊர்களுக்கு ஐயர்கள் தேவை, என் உபதேசியார்களுக்கு எங்கள் முறைப்படி பட்டம் கொடுக்கிறேன் என்றார். சி.எம்.எஸ். சம்மதிக்கவில்லை, பிஷப் கைவைத்தால்தான் குரு. அவர் ஆங்கிலிக்கன் ஒழுங்கையே விமரிசித்து எழுத, 1835-இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். பாதி உபதேசியார்கள் அவர் பின்னால் போனார்கள், சபைகள் பிளந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகே பிளவு மெல்ல ஆறியது. ரேனியஸ் ஜெயித்திருந்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ஐயர் கிடைத்திருக்கலாம். கிடைக்காததால் புத்தகத்தையும் உபதேசியாரையும் வைத்து ஊர் சமாளிக்க வேண்டியதாயிற்று. நியாயம் ரேனியஸ் பக்கம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் என் தெருப் பாட்டிகளுக்கு முழு ஆராதனையும் வாயில் வந்ததற்குக் காரணம் அவர் தோற்றது.

புத்தகத்தின் தமிழைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெபப்புத்தகத்தை மொழிபெயர்த்தார். பின்னர் அது பல கைகளில் திருத்தப்பட்டது, திருத்தியவர்களில் கால்டுவெல்லும் ஒருவர். ஸ்தோத்திரம், கிருபை, பரிசுத்தம், ஆராதனை என்று வடசொற்கள் நிறைந்த நடை. தனித்தமிழ் அன்பர்களுக்கு அது ஒவ்வாது, எனக்கும் சில இடங்களில் பல்லில் கல் படுகிறது. பாமாலையில் ஆங்கில, ஜெர்மன் மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை மடக்கித் திணித்திருப்பது அதைவிட மோசம். ராகமும் தாளமும் குறித்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை வந்ததும்தான் சபைக்கே மூச்சு வரும். ஆனால் இலக்கண ரீதியாக அந்தப் புத்தகம் ஒரு அருமையான காரியம் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல். தமிழில் நாம், நாங்கள் இரண்டு. (திராவிட மொழிகளின் இந்த இரட்டைப் பன்மையை ஒப்பிலக்கணம் விரிவாகவே பேசுகிறது.) கடவுளிடம் பேசும்போது கேட்பவர் வேறு கட்சி, ஆகவே 'நாங்கள்'. சபை தனக்குள் பேசிக்கொள்ளும்போது 'நாம்'. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று முடிவு செய்தாக வேண்டும். மூல ஆங்கிலத்தில் மறைந்து கிடக்கும் நாடகம் தமிழில் வெளியே தெரிகிறது.

அதேபோல் கடவுளுக்கு 'நீர்'. தேவாரத்தில் திருவாசகத்தில் பழகிய 'நீ' அல்ல, 'நீங்கள்' அல்ல. சென்னை நண்பர்களுக்கு இது புத்தக வாடை அடிக்கிறதாம். திருநெல்வேலியில் 'நீரு எங்க போறீரு' என்று மாமனிடமும் மச்சானிடமும் பேசுகிறவனுக்கு அடிக்காது. மரியாதையும் உரிமையும் சேர்ந்த அந்தச் சொல் அவன் வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

உபதேசியாருக்கு ஒரு எல்லை உண்டு. பாவ அறிக்கைக்குப் பின் பாவவிமோசனம் கூறும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஐயர் சபையைப் பார்த்து 'உங்கள்' என்று சொல்லும் இடத்தில் அவர் 'நமது' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். தாத்தாவின் புத்தகத்தில் அந்த இடத்தில் பென்சில் கோடு இருக்கும்.

நேரம் குறிப்பதில் ஊர்த்தொழில்தான் எஜமான். பனைப்பாளையைத் தினமும் சீவவேண்டும். விட்டால் பதனீர் வரத்துக் குறையும். பாளைக்கு ஞாயிறு தெரியாது, ஓய்வுநாள் கட்டளையோ கல்லில் எழுதியது. எங்கள் ஊரில் கண்ட சமரசம் எளிது: விடியுமுன் ஏறி இறங்கிவிட்டு, குளித்து, இரண்டாம் மணிக்கு வந்துவிடுவார்கள். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கருப்பட்டியும் கோழியும் முருங்கைக்காயும் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டை, ஊரில் இருக்கும் இரண்டு பெரிய வீடுகளின் வீம்பால், கோழியின் விலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனை, ஈஸ்டர் விடியற்காலை, கிறிஸ்துமஸ் அதிகாலை, பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் என்று இதில் எழுத எவ்வளவோ இருக்கிறது. இப்போது வேண்டாம்.

ஐயர் வரும் ஞாயிற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் சாதி அங்கேதான் வெளிப்படும். ஒரே பாத்திரம், எல்லோர் உதடும் அதில் பட வேண்டும். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, தனித்தனியே உட்காருவதும் தனித்தனியே பெறுவதும் நிற்கவேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் கொந்தளித்தன. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் நாம் மேலே கண்ட வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனையில் உருகுகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நெல்லைக் கிராமங்களில் இந்தச் சண்டை அவ்வளவு கேட்காததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. பெரும்பாலான கிறிஸ்தவ ஊர்கள் ஒரே சாதியால் ஆனவை. பாத்திரத்தைப் பகிர்ந்துகொள்ள வேற்றுச் சாதிக்காரர் பக்கத்தில் இருந்தால்தானே சோதனை?

1947-க்குப் பிறகு வந்த ஒரு மாற்றம் நமக்கு, அதாவது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, சுவாரசியமானது. சி.எஸ்.ஐ. 1950-இல் புதிய திருவிருந்து முறைமையை வெளியிட்டது. அதில் 'சமாதானம்' என்ற பழைய சடங்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குருவானவர் பக்கத்தில் இருப்பவரின் கூப்பிய கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கிக் கொடுக்க, அவர் அடுத்தவருக்கு, இப்படியே கடைசிப் பாய் வரைக்கும் போகும். கேரளத்துச் சிரியன் சபைகளில் உயிரோடு இருந்த வழக்கம் அது. அந்த முறைமை உலகம் முழுதும் திருச்சபைகளால் படிக்கப்பட்டது. அமெரிக்க எபிஸ்கோபல் சபையின் 1979 ஜெபப்புத்தகத்திலும் சமாதானம் இடம்பெற்றது. இன்று நியூ ஜெர்சியில் ஒரு எபிஸ்கோபல் கோயிலுக்குள் நுழைந்தால் நடுவில் எல்லோரும் எழுந்து கைகுலுக்கிக்கொள்வதைப் பார்க்கலாம். இந்தப் பழக்கம் மேற்கே திரும்பி வந்ததில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அங்கே கைகுலுக்குகிற பலருக்குத் தெரியாது.

எங்கள் தமிழ்ச் சபையும் இங்கே அப்படியொரு கோயிலில்தான் ஞாயிறு மாலை வேளைகளில் கூடுகிறது. இருபது இருபத்தைந்து குடும்பம். பட்டம் பெற்ற குருவானவர் வேறு மாநிலத்திலிருந்து மாதம் ஒருமுறை வருகிறார். மற்ற ஞாயிறுகளில் எங்களில் ஒருவர் புத்தகத்தோடு நிற்கிறோம். தேரிக்காட்டு ஏற்பாடு அப்படியே வந்திருக்கிறது, மணி மட்டும் இல்லை.

சென்ற வருடக் கடைசியில் இதை மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை, ரோமன் எழுத்தில் அடித்துக் கொடுத்தால்தான் சொல்கிறார்கள். அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை போல் ஒப்பிப்பதால் யாருக்கு என்ன லாபம்? திரையில் பாட்டு, கிட்டார், ஆங்கிலத்தில் நல்ல பிரசங்கம், அவ்வளவு போதும் என்றார்கள். சொன்னவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். அதில் ஒருவர் பத்து வருடமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் கோயில் பக்கமே வராததைக் கண்ணால் பார்த்தவர். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது.

எனக்கு மறுப்பு வேறு இடத்தில். பிரசங்கத்தை மையமாக வைத்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். கிட்டாரை வைத்தால் வாசிக்கத் தெரிந்தவர் நாலு பேர் வேண்டும். மற்றவர்கள் பார்வையாளர்கள். இந்தப் பழைய முறைமையில் மட்டும்தான் ஒன்றும் தெரியாதவனுக்கும் சொல்ல வரி இருக்கிறது. ரோமன் எழுத்தில் படித்துப் பதில் சொல்லும் பத்து வயதுப் பிள்ளையும், பாய்மேல் உட்கார்ந்து பதில் சொன்ன எங்கள் தெருப் பாட்டியும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். 'கிருபை' என்றால் என்ன என்று கேட்டிருந்தால் பாட்டியும் திணறியிருப்பாள். அர்த்தம் அவளுக்கு அறுபது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிள்ளைகளுக்கு அறுபது வருடம் கொடுப்போமா என்பது வேறு கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தில் கடைசியில் ஒரு வருடம் பார்க்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று: தமிழ் முறைமை அப்படியே இருக்கும், பிரசங்கம் மட்டும் ஆங்கிலத்தில், பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

பிள்ளைகளும் முறை வைத்து நடத்த வேண்டும் என்பதும் அந்தத் தீர்மானத்தில் ஒரு பகுதி. வருகிற ஞாயிறு ஐயர் வரவில்லை. நடத்தப் போவது பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். என் தாத்தா காலத்தில் பாடம் வாசிக்கக்கூடப் பெண்களைக் கூப்பிட்டதில்லை. போன வாரம் அவளுக்கு எங்கள் வீட்டில் ஒத்திகை. 'உங்கள்' என்று வருகிற இடத்தில் நீ மாற்றிச் சொல்லவேண்டும் என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு, "மாத்தி எழுதறது 'நமது'வா, 'எங்கள்'ளா அங்கிள்?" என்று கேட்டாள். விளக்கி முடிக்க அரைமணி நேரம் பிடித்தது.